"ஆம்பளைங்க எல்லாம் வெளிய நில்லுங்க"

1/
"ஆம்பளைங்க எல்லாம் வெளிய நில்லுங்க."

அரசு மருத்துவமனைக்கு ஒரு தடவையாவது வந்தவங்களுக்கு இந்த வாக்கியம் தெரிஞ்சிருக்கும். வாட்ச்மேன் சொல்வார், சிஸ்டர் சொல்வாங்க, டாக்டரும் சொல்வார். நானே எத்தனையோ ஆயிரம் முறை சொல்லியிருக்கேன். இந்தத் திரெட் அந்த வாக்கியத்துக்கு எதிரானது. அதனால எனக்கும் எதிரானது. கொஞ்சம் நீளம்தான். அப்பாக்களும் அப்பா ஆகப்போறவங்களும் தயவுசெஞ்சு கடைசிவரை படிங்க.

2/
ஒரு சம்பவம். அடையாளம் தெரியாத அளவுக்கு விவரங்களை மாத்தியிருக்கேன்.

ராத்திரி ரெண்டு மணி. 108ல ஒரு பொண்ணு வந்தாங்க. முதல் பிரசவம், எட்டாம் மாசம். வர்ற வழியிலேயே ஃபிட்ஸ். பிரஷர் 180/120. மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி போட்டு, பிரஷரைக் குறைச்சு, அவசர சிசேரியன். குழந்தை 1.6 கிலோ. தாய் ஐசியூவில், குழந்தை பச்சிளங்குழந்தைப் பிரிவில்.

3/
விடிஞ்சதும் கணவர்கிட்ட விசாரிச்சேன். "எத்தனை நாளா தலைவலி இருந்துச்சு?"

"ரெண்டு நாளா சார். தைலம் தேய்ச்சுவிட்டேன். மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மேல் வயிறு வலிக்குதுன்னா, கேஸ்னு நெனச்சு சோடா வாங்கிட்டு வந்தேன். கண்ணு மங்கலா இருக்குன்னா, தூங்கு சரியாயிடும்னேன்."

கவனிங்க. அந்த ஆள் அலட்சியமா இல்லை. ரெண்டு நாளும் ஓடியிருக்கார். ஆனா தப்பான திசையில.

4/
எனக்குக் கோபம் வந்துடுச்சு. "கர்ப்பத்துல விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயித்து வலி வந்தா உடனே வரணும்னு தெரியாதா? ஒரு செக்கப்புக்குக்கூட கூட வரலையா?"

அவர் சொன்ன பதில் இன்னும் காதுல இருக்கு.

"எல்லா செக்கப்புக்கும் நான்தான் சார் வண்டியில கூட்டிட்டு வந்தேன். ஒருநாள் கூலிய விட்டுட்டு வருவேன். உள்ள விடமாட்டாங்க. அந்தப் புளியமரத்தடியிலதான் நிப்பேன். என்கிட்ட யாரும் எதுவும் சொன்னதில்ல சார்."

5/
தாய் சேய் அட்டையைப் பார்த்தேன். ஆறு முறை வந்திருக்காங்க. ஆறு முறையும் அவர் ஐம்பதடி தூரத்துல நின்னிருக்கார். அதுல ரெண்டு முறை அந்த அட்டையில இருக்கிற கையெழுத்து என்னுடையது.

"பொண்டாட்டிகிட்ட சொன்னோமே" என்று நான் வாதாடலாம். சொல்லியிருப்போம். எழுபது பேர் வரிசையில நிக்கிற ஓபியில், அரை நிமிஷத்துல, இரும்புச் சத்து மாத்திரையோட சேர்த்து. அந்தப் பொண்ணுக்கு வயசு இருபது.

6/
இங்கதான் என் வாதம் ஆரம்பிக்குது.

அபாய அறிகுறிகள் எல்லாத்தையும் ஒரே ஒரு ஆளிடம் சொல்லி வைக்கிறோம். அந்த ஆபத்து வரும்போது மயங்கி விழப்போறதும் அதே ஆள்தான். ஃபிட்ஸ் வந்த பொண்ணு தனக்குத்தானே 108க்கு போன் பண்ண முடியுமா? பிரசவம் முடிஞ்சு ரத்தப்போக்கில் நினைவு தப்பிக்கிட்டு இருக்கிற பொண்ணு, "இது சாதாரணம் இல்ல, என்னைத் தூக்கிட்டுப் போங்க"ன்னு சொல்ல முடியுமா?

பக்கத்துல படுத்திருக்கிறவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். அவனைத்தான் நாம வெளிய நிக்க வெச்சிருக்கோம்.

7/
அதுக்காக ஆண்களை நாங்க கூப்பிடுறதே இல்லைன்னு நினைக்காதீங்க. கூப்பிடுவோம். எப்போ?

ரத்தம் வேணும்னா. கையெழுத்து வேணும்னா. வெளியில ஸ்கேன் எடுக்கப் பணம் வேணும்னா. ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்லைன்னா.

ஒரு தகப்பனை டிரைவராவும் பர்ஸாவும் மட்டும் நடத்திட்டு, அப்புறம் "இந்த ஆம்பளைங்களுக்குப் பொறுப்பே இல்ல"ன்னு டீ குடிக்கும்போது பேசுறோம். நானும் பேசியிருக்கேன்.

8/
சட்டமும் விதியும் தடுக்குதா? பார்ப்போம்.

பிரசவ அறையில் கர்ப்பிணிக்குத் துணையா ஒருத்தர் இருக்கலாம்னு 2016லேயே மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதிச்சிருக்கு. பொதுவா பெண் உறவினர். தனிமைக்கு வசதி செஞ்சிருக்கிற மருத்துவமனைகளில் கணவரும் இருக்கலாம். கர்ப்பிணி விரும்புற ஒருத்தர் துணைக்கு இருக்கணும்னு 2018ல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரை செஞ்சிருக்கு.

அதாவது கணவர் உள்ளே வரக் குறுக்கே நிக்கிறது விதி இல்லை. ஒரு திரைச்சீலை. கட்டிலுக்குக் கட்டில் ஒரு திரை போட நமக்கு இத்தனை வருஷம் ஆகுது.

9/
அந்தக் குழந்தையின் கதைக்கு வர்றேன். மூணாவது நாள் குழந்தை நிலைப்பட்டுடுச்சு. எடை குறைஞ்ச குழந்தைக்கு கங்காரு பராமரிப்பு கொடுக்கணும். குழந்தையை வெறும் மார்போட மார்பா அணைச்சு, துணியால கட்டி வெச்சுக்கிறது. 1978ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில தொடங்கின முறை. ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை கொடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

ஆனா அம்மா இன்னும் ஐசியூவில்.

10/
"அப்பாவைக் கூப்பிடுவோம்"னேன். சீனியர் சிஸ்டர் ஒத்துக்கல. "மத்த அம்மாங்க பால் கொடுக்குற இடம் சார். ஆம்பளைய எப்படி உள்ள விடுறது?"

நியாயமான கேள்வி. அதுக்கான பதிலும் சிஸ்டர்கிட்டயே இருந்துச்சு. அரை மணி நேரத்துல ஒரு மூலையில ஸ்கிரீனை இழுத்து வெச்சு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாங்க. கையைக் கழுவச் சொல்லி, சட்டை பட்டனைக் கழட்டச் சொல்லி, குழந்தையை நெஞ்சுல வெச்சு, தலையை ஒரு பக்கமா திருப்பி வைக்கச் சொல்லிக் கொடுத்தாங்க.

சிமெண்ட் மூட்டை தூக்குற ஆள். முதல் பத்து நிமிஷம் மூச்சே விடல. குழந்தைக்கு வலிக்கும்னு பயம்.

11/
குறைப்பிரசவக் குழந்தையின் பராமரிப்பில் தாயோட சேர்த்துத் தந்தையையும் பழக்கணும்னு மத்திய அரசின் வழிகாட்டுதல் 2017ல் இருந்தே இருக்கு. டெல்லியின் ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் செஞ்சு பார்த்து, அதுக்கப்புறம் வந்த வழிகாட்டுதல் அது. அந்தத் தாளை நானும் வருஷக்கணக்கா பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். ஒரு ஸ்கிரீனை இழுத்து வைக்கணும்னு அன்னிக்குத்தான் தோணுச்சு.

12/
அடுத்தது குழந்தைகள் வார்டு. ராத்திரியில பெண் துணை மட்டும்தான் தங்கலாம் என்பது பல இடங்களில் எழுதாத விதி.

அம்மா இறந்துபோன பிள்ளை இருக்கு. அம்மா வெளிநாட்டுல வேலை பார்க்கிற பிள்ளை இருக்கு. அப்பாவோ தாத்தாவோ தாய்மாமனோதான் வளர்க்கிறார். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைப் பக்கத்துக் கட்டில் அம்மாகிட்ட "கொஞ்சம் பாத்துக்கங்கம்மா"ன்னு ஒப்படைச்சுட்டு, அவர் வராண்டாவுல துண்டு விரிச்சுப் படுக்கிறார். பிள்ளை அழுதுக்கிட்டே தூங்குது.

ஓபியில நாம கேட்கிற முதல் கேள்வி: "அம்மா வரலையா?" ஒரு தடவை அந்தக் கேள்விக்கு ஒரு அஞ்சு வயசுப் பொண்ணு அப்பா முகத்தை நிமிர்ந்து பார்த்தது. அதுக்கப்புறம் நான் அந்தக் கேள்வியை விட்டுட்டேன். "குழந்தையை யார் பாத்துக்கிறீங்க?"ன்னு கேட்கிறேன். செலவே இல்லாத திருத்தம். சக மருத்துவர்களும் செஞ்சு பாருங்க.

13/
இப்ப எதிர்வாதங்கள். முதல்ல, இருக்கிறதுலயே முக்கியமானது. என் பெண் சகாக்கள் சொல்வது:

"செக்கப் நேரம்தான் பல பொண்ணுங்களுக்கு வாய் திறந்து பேசக் கிடைக்கிற ஒரே இடம். அங்கேயும் புருஷனை உட்கார வெச்சா, அவ அடி வாங்குறதை யார்கிட்ட சொல்வா?"

நூறு சதவீதம் சரி. அதனால வரிசை இப்படி இருக்கணும்: முதல்ல அந்தப் பெண் தனியா. அடுத்து, "உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடவா?"ன்னு அவங்ககிட்டயே கேட்கணும். வேண்டாம்னா வேண்டாம், காரணம் கேட்கக்கூடாது. பெண்ணின் விருப்பத்தையும் முடிவெடுக்கும் உரிமையையும் மதிச்சுதான் ஆண்களைச் சேர்க்கணும்னு 2015லேயே உலக சுகாதார நிறுவனம் தெளிவா சொல்லியிருக்கு. ஆணை உள்ளே கூப்பிடுறது அவளுக்குத் துணையா இருக்க. அவளுக்குப் பதிலா பேச இல்ல.

14/
ரெண்டாவது: "இருக்கிற கூட்டத்துல இது வேறயா?"

கூட்டம் உண்மை. அதனால ஒவ்வொருத்தரா உள்ள விடச் சொல்லல. அந்தப் புளியமரத்தடியில முப்பது ஆண்கள் சும்மாதானே போன் பார்த்துட்டு நிக்கிறாங்க? அங்கேயே பதினஞ்சு நிமிஷம் ஒரு சிஸ்டர் போய்ப் பேசினா போதும். ஒரு மரத்தடி, ஒரு போர்டு, ஆறு அபாய அறிகுறி.

15/
மூணாவது: "கூப்பிட்டாலும் வரமாட்டாங்க சார்."

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணி செக்கப். புதன்கிழமை தடுப்பூசி. ரெண்டும் காலை நேரம். தினக்கூலிக்குப் போறவருக்கு அது ஒருநாள் அடுப்பு எரியுற காசு. வேலை நாளில் மட்டும் கடையைத் திறந்து வெச்சுட்டு வாடிக்கையாளர் வரலைன்னு குறை சொல்றது என்ன நியாயம்? மாசத்துல ஒரு ஞாயிறு, இல்லை ஒரு சாயந்திரம், திறந்து பாருங்க. அப்பவும் வரலைன்னா நானும் உங்களோட சேர்ந்து திட்டுறேன்.

16/
லீவு கதையும் இதேதான். 2017 திருத்தத்துக்குப் பிறகு பேறுகால விடுப்பு 26 வாரம். நல்ல விஷயம். அப்பாவுக்கு? மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள். தனியார் நிறுவனத்தில் அப்பாவுக்கு விடுப்பு கொடுத்தே ஆகணும்னு நாடு முழுக்கப் பொருந்துற சட்டம் எதுவும் இல்லை. கட்டட வேலை செய்யுறவருக்கு அந்தப் பேச்சே கிடையாது.

பிள்ளை பெறுவது பெண்ணின் வேலை என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதி வெச்சுட்டு, ஆணுக்கு எப்படிப் பொறுப்பு வரும்?

17/
சரி, மருத்துவமனையையும் அரசையும் திட்டியாச்சு. கைதட்டிக்கிட்டு இருக்கிற அப்பாக்களே, இப்ப உங்க முறை.

உள்ள விடலைன்னு சொன்னீங்க. வீட்டுக்குள்ள உங்களை யார் தடுத்தது?

அந்தத் தாய் சேய் அட்டை உங்க வீட்டு அலமாரியிலதான் இருக்கு. தமிழ்லதான் அச்சடிச்சிருக்கு. ஒரு நாளாவது எடுத்துப் படிச்சிருக்கீங்களா? பைக் வாங்குறதுக்கு மூணு மாசம் யூடியூப்ல விமர்சனம் பார்த்தவர்தானே நீங்க?

18/
ஒரு புள்ளிவிவரம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் கருத்தடைக்காகப் பெண்கள் அறுவை சிகிச்சை செய்துகொண்டது 37.9 சதவீதம். ஆண்கள்? 0.3 சதவீதம். அதே ஆய்வில், கருத்தடை என்பது பெண்கள் சமாச்சாரம், ஆண் அதைப் பத்திக் கவலைப்பட வேண்டியதில்லைன்னு சொன்ன ஆண்கள் நூத்துக்கு 35 பேர்.

பெண்ணுக்கு வயித்தைத் திறக்கணும். ஆணுக்கு மரத்துப்போக ஊசி போட்டு, கால் மணி நேர வேலை, அன்னிக்கே வீடு. மூணு மாசம் மட்டும் வேற பாதுகாப்பு, அப்புறம் ஒரு விந்துப் பரிசோதனை. ஆண்மை குறையாது, பலம் குறையாது, வேலைக்குப் போறதுக்கும் தடையில்லை. சிசேரியன் ஆன பொண்ணையே "அதையும் சேர்த்துப் பண்ணிடுங்க டாக்டர்"னு கையெழுத்து போட்டுட்டுப் போறீங்களே, ஒரு நாள் உங்க பேரையும் யோசிங்க.

19/
"அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா டாக்டர், அவங்க பாத்துக்குவாங்க."

வளைகாப்பு முடிஞ்சதும் தாய் வீடு. நல்ல வழக்கம், பொண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். ஆனா அந்த ஆறேழு மாசத்துல நீங்க ஞாயித்துக்கிழமை விருந்தாளி ஆயிடுறீங்க. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிட்டுப் போய், குழந்தையைப் பத்து நிமிஷம் தூக்கி, அழுததும் திருப்பிக் கொடுத்துட்டு வர்றீங்க. அஞ்சாம் மாசம் குழந்தை வீட்டுக்கு வரும்போது உங்களைப் பார்த்துப் புதுசா யாரோன்னு அழுது. உடனே "பாரு, அம்மாகிட்டதான் இருக்கும்"னு முடிவு கட்டுறீங்க.

குழந்தை பிறவியிலேயே அப்பாவை வெறுக்காது. பழகாததால அழுது.

20/
நான் ஒண்ணும் உத்தமன் இல்லை. என் பெரியவளுக்கு முதல் ரெண்டு தடுப்பூசி நாளும் நான் டூட்டி. அடுத்தவங்க பிள்ளைக்கு ஊசி எழுதிக்கிட்டு இருந்தேன். மூணாவது ஊசிக்கு அட்டை எங்க இருக்குன்னு என் மனைவிக்கு போன் பண்ணிக் கேட்டேன். "டாக்டராம்"னு ஒரே வார்த்தை சொன்னா. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

21/
வீட்டுப் பெரியவங்களுக்கும் ஒரு வார்த்தை. பையன் குழந்தைக்குக் கால் கழுவி விட்டா "விடுடா, உனக்கென்ன தெரியும்"னு பிடுங்காதீங்க. டயப்பர் மாத்தினா "பொண்டாட்டி ஏவுறா"ன்னு சிரிக்காதீங்க. வேலை கத்துக்கிற ஆளைக் கேலி பண்ணினா அவன் மறுபடி அந்தப் பக்கமே வரமாட்டான். அப்புறம் ராத்திரி மூணு மணிக்கு உங்க மருமகள் தனியா முழிச்சிருப்பா. நாளைக்கு உங்க மகளும்.

22/
இப்ப வேலைக்கு ஆகுற விஷயம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

கர்ப்ப காலத்துல இதுல எது வந்தாலும் நேரம் காலம் பார்க்காம ஆஸ்பத்திரி:
- விடாத தலைவலி
- கண் மங்கல், பூச்சி பறக்குற மாதிரி தெரியுறது
- மேல் வயித்து வலி
- முகம், கை திடீர்னு வீங்குறது
- ரத்தக் கசிவு, நீர்க்கசிவு
- குழந்தை அசைவு குறையுறது
- ஃபிட்ஸ், மயக்கம், கடும் காய்ச்சல்

தைலமும் சோடாவும் இதுக்கு மருந்து இல்லை. 108 கூப்பிடுங்க.

23/
அப்பா செய்ய வேண்டியவை:

அ) மனைவியோட பிக்மி எண்ணும் ரத்த வகையும் உங்க போன்லயும் இருக்கணும். அவங்க நெகட்டிவ் வகைன்னா உங்க ரத்த வகையும் டாக்டருக்குத் தெரியணும். குழந்தை பாசிட்டிவ்னா, பிறந்த 72 மணி நேரத்துக்குள்ள தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட்டாகணும்.

ஆ) சிபிலிஸ், எச்.ஐ.வி. பரிசோதனையை நீங்களும் எடுத்துக்கோங்க. மனைவிக்கு மட்டும் சிபிலிஸ் சிகிச்சை கொடுத்து நீங்க எடுக்கலைன்னா, அவங்களுக்குத் திரும்ப வரும். குழந்தையையும் பாதிக்கும்.

இ) இரும்புச் சத்து மாத்திரையைத் தினமும் எடுத்துக் கொடுங்க. டீ, காபி, பாலோட வேண்டாம்.

ஈ) வீட்டுக்குள்ள புகை பிடிக்காதீங்க. மொட்டை மாடியில பிடிச்சுட்டு வந்து குழந்தையைக் கொஞ்சுறதும் வேண்டாம்.

24/
குழந்தை பிறந்த பிறகு:

உ) பால் கொடுக்கிறதைத் தவிர மத்த எல்லாத்தையும் நீங்க செய்யலாம். ஏப்பம் எடுக்க வைக்கிறது, துணி மாத்துறது, தூங்க வைக்கிறது. ராத்திரியில ஒரு முறை உங்களுடையது.

ஊ) தடுப்பூசித் தேதிகள்: பிறந்ததும், 6, 10, 14 வாரத்தில், 9 மாசம் முடிஞ்சதும், ஒன்றரை வயசு வாக்கில். போன்ல அலாரம் வைங்க. ஊசிக்கு அப்புறம் காய்ச்சல் வந்தா எத்தனை சொட்டு மருந்துன்னு நீங்களே கேட்டுட்டு வாங்க.

எ) ரெண்டு வாரத்துக்கு மேல மனைவி அழுதுக்கிட்டே இருந்தா, குழந்தையைத் தொடவே பிடிக்கலைன்னா, "நான் இல்லாம இருந்தா நல்லது"ன்னு பேசினா அது திமிர் இல்ல, நோய். கூட்டிட்டு வாங்க. கடைசியாச் சொன்ன பேச்சு வந்தா ரெண்டு வாரம் எண்ணிக்கிட்டு இருக்காதீங்க, அன்னிக்கே வாங்க.

ஏ) இது அப்பாக்களுக்கும் வரும். 2010ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வின்படி பத்தில் ஒரு அப்பாவுக்கு மனச்சோர்வு இருந்திருக்கு. ஆம்பளை அழக்கூடாதுன்னு குடியில இறங்காதீங்க. வந்து பேசுங்க.

25/
அந்தக் குடும்பம் என்னாச்சுன்னு கேட்பீங்க. அந்தப் பொண்ணு பிழைச்சுட்டாங்க. ஐசியூவிலிருந்து வந்து குழந்தையை முதல் முறை பார்த்த அன்னிக்கு, குழந்தையை எப்படித் தூக்கணும், எப்படி மார்புல கட்டணும்னு அவங்களுக்குக் காட்டிக் கொடுத்தது சிஸ்டர் இல்லை. அவர்.

இன்னொரு விஷயமும் சொல்லணும். பதினோரு நாள் அவர் வேலைக்குப் போகல. கடன் வாங்கித்தான் சாப்பிட்டார். அதை நாம யாரும் கணக்குல எடுக்கல.

26/
இந்தக் கதை நல்லா முடிஞ்சது எங்க அதிர்ஷ்டம். அரை மணி நேரம் தாமதமாகியிருந்தா, அதே புளியமரத்தடியில அவர்கிட்ட வேற செய்தி சொல்லியிருப்பேன். அப்பவும் அவரைத்தான் திட்டியிருப்பேன்.

அதனால அடுத்த முறை மனைவியைக் கூட்டிட்டு வரும்போது, அவங்க சம்மதிச்சா, கதவுகிட்ட வந்து கேளுங்க: "டாக்டர், நான் என்ன தெரிஞ்சுக்கணும்?" வாட்ச்மேன் முறைச்சா முறைக்கட்டும். மரியாதையா, விடாம கேளுங்க. பத்து பேர் கேட்டா எங்களுக்குத் தொந்தரவு. எல்லாரும் கேட்டா எங்களுக்கு வேற வழியில்லை, ஒரு ஸ்கிரீனை இழுத்துப் போட்டுத்தான் ஆகணும்.

நான் என் வார்டுல "வெளிய நில்லுங்க" சொல்றதை நிறுத்திட்டேன். சில நாள் பழக்க தோஷத்துல வாய்ல வந்துடுது. அப்ப எங்க சிஸ்டர்தான் முறைக்கிறாங்க.

உங்க வீட்டுல இருக்கிற ஒரு ஆணுக்காவது இதை அனுப்புங்க.